பென் டிரைவில் எழுத யாருக்கு உரிமை?



"அனுமதி மறுக்கப்பட்டது." லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுகிற வாசகம் இது. பெரும்பாலும் எங்கே பார்க்கிறார்கள் தெரியுமா? தங்கள் சொந்தப் பென் டிரைவில். காசு கொடுத்து வாங்கியவர் அவர். சட்டைப் பையிலிருந்து எடுத்துச் செருகியவர் அவர். உள்ளே இருக்கிற படமும் பாட்டும் அவருடையவை. அதில் புதிதாக ஒரு கோப்பைப் போடலாம் என்று போனால் முடியாது என்கிறது கணினி. உடனே பக்கத்தில் ஒரு விவரம் தெரிந்தவர் எட்டிப் பார்த்து வைத்தியம் சொல்கிறார்: சூடோ போடு, சிஎச்மாட் 777 அடி, அதாவது நிர்வாகியாக நின்று எல்லோருக்கும் எல்லா அனுமதியையும் திறந்துவிடு. சில சமயம் அது வேலை செய்யும். பல சமயம் செய்யாது. வேலை செய்துவிட்டால் இன்னும் மோசம் என்பது என் கட்சி.

இன்று பேசப்போவது அந்த மறுப்பைப் பற்றித்தான். அது எங்கிருந்து வருகிறது, அதை எப்படி நீக்குவது, நீக்கும்போது எதை நீக்கிவிடக் கூடாது. நான் சொல்லவருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத அனுமதிப்பது வேறு, நம்புவது வேறு. கழற்றி மாட்டுகிற வட்டில் எழுதும் உரிமையைச் சாதாரணப் பயனருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் அந்த வட்டு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிற எதையும் நம்பக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்தெடுக்க லினக்ஸ் உலகம் பல வருடம் பாடுபட்டிருக்கிறது. 2025இல்கூட ஒரு இடத்தில் கோட்டைவிட்டது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

கொஞ்சம் பின்னால் போவோம். யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் கையில் பிறந்தது. அதற்குப் பின் அது ஓடிய பிடிபி-11 கணினிகளிலும் கழற்றி மாட்டுகிற வட்டுகள் இருந்தன. ஆர்கே05 என்று ஒரு வட்டு. சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய உறை, உள்ளே இருப்பது 2.5 மெகாபைட் அளவுக்கு. அதை யாரும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரமுடியாது. கணினி அறைக்குள் போகிற உரிமை உள்ளவர்தான் மாட்டமுடியும், அவர்தான் நிர்வாகி. ஆகவே ஒரு வட்டைக் கோப்பு மரத்தோடு இணைக்கிற வேலை, அதாவது மவுண்ட் செய்கிற வேலை, ரூட் என்கிற நிர்வாகிக்கு மட்டும் உரியது என்று வைத்தது அன்றைக்கு முற்றிலும் நியாயம். அறைக்குச் சாவி வைத்திருப்பவரும் ரூட் கடவுச்சொல் வைத்திருப்பவரும் ஒரே ஆள்.

அந்த நியாயம் உடைந்தது பிளாப்பி வந்தபோது. முழுவதும் சிதறியது யூஎஸ்பி வந்தபோது. சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் 2000இல் தம்ப்டிரைவ் என்ற பெயரில் விற்பனையைத் தொடங்கியது. அதே ஆண்டின் முடிவில் ஐபிஎம் 8 மெகாபைட் கொண்ட ஒன்றை அமெரிக்காவில் விற்றது. லினக்ஸின் மையமான கர்னலின் 2.4ஆம் பதிப்பு 2001 ஜனவரியில் வெளியானபோது யூஎஸ்பி வட்டுகளைப் படிக்கும் வசதி அதில் இருந்தது. ஆனால் கர்னலுக்குப் படிக்கத் தெரிந்தது என்பதற்காகப் பயனருக்கு எழுத முடிந்தது என்று அர்த்தம் இல்லை. வட்டைச் செருகியவர் ஒருவர். அதை மவுண்ட் செய்கிற அதிகாரம் வேறொருவரிடம். இந்த இடைவெளியில்தான் நம் தொல்லை முழுவதும் குடியிருக்கிறது.

சரி, எல்லோரும் மவுண்ட் செய்யலாம் என்று திறந்துவிட்டால் என்ன கெட்டுவிடும்? இதற்குப் பதில் தெரியாமல் மேற்கொண்டு எதுவும் புரியாது. அதனால் இங்கே சற்று நிற்கிறேன்.

யூனிக்ஸில் ஒரு நிரலை யார் ஓட்டுகிறாரோ அவருடைய அதிகாரத்தோடு அது ஓடும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. கோப்பில் செட்யூஐடி என்று ஒரு பிட் இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், ஓட்டுகிறவரின் அதிகாரத்தோடு ஓடாமல், கோப்புக்குச் சொந்தக்காரரின் அதிகாரத்தோடு நிரல் ஓடும். கடவுச்சொல்லை மாற்றுகிற நிரல் இப்படித்தான் வேலை செய்கிறது. சாதாரணப் பயனர் தொடமுடியாத கோப்பை அவர் சார்பில் ரூட்டாக நின்று திருத்துகிறது. அருமையான யோசனை. டென்னிஸ் ரிச்சி இதற்கு 1973இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1979இல் கிடைத்தது.

இப்போது ஒரு குறும்புக்கார மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அவருடைய கணினியில் அவர்தான் ரூட். அங்கே ஒரு பென் டிரைவை எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்கிறார். ஒரு சின்ன நிரலை அதில் வைத்து, சொந்தக்காரர் ரூட் என்று எழுதி, செட்யூஐடி பிட்டையும் போட்டுவிடுகிறார். கல்லூரி ஆய்வகத்துக்கு வந்து செருகுகிறார். அந்தக் கணினி வட்டைப் பார்க்கிறது: சொந்தக்காரர் ரூட் என்று எழுதியிருக்கிறது, பிட் போட்டிருக்கிறது. அப்படியே நம்பி ஓட்டினால் அடுத்த நொடி ஆய்வகக் கணினிக்கும் அவரே ரூட். கடவுச்சொல்லை உடைக்கவில்லை, வைரஸ் எழுதவில்லை. தன் வீட்டில் தனக்குள்ள அதிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டு எடுத்துவந்தார், அவ்வளவுதான்.

இன்னொரு வழியும் உண்டு. யூனிக்ஸில் வன்தட்டு போன்ற சாதனங்களும் கோப்பாகத்தான் தெரியும். அந்தக் கோப்புக்குள் எதுவும் இல்லை. இரண்டு எண்கள் மட்டும். 8, 0 என்றால் முதல் ஸ்கசி வகை வட்டு; இன்றைய சாட்டா வன்தட்டும் அதே கணக்கில் வரும். மாணவர் தன் பென் டிரைவில் 8, 0 என்று ஒரு சாதனக் கோப்பை உருவாக்கி, எவரும் எழுதலாம் என்று அனுமதி போட்டுக் கொண்டுவந்தால், ஆய்வகத்தின் உள் வன்தட்டில் நேரடியாக எழுதலாம். எல்லாக் காவலையும் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். மவுண்ட் செய்யும்போதே கர்னலிடம் சொல்லிவிட வேண்டும்: இந்த வட்டில் செட்யூஐடி பிட் இருந்தால் கண்டுகொள்ளாதே, சாதனக் கோப்பு இருந்தால் சாதனமாக நடத்தாதே. முதலாவதுக்கு நோ-எஸ்யூஐடி, இரண்டாவதுக்கு நோ-டெவ் என்று பெயர். இந்த இரண்டு ஆப்ஷன்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டில் எழுதுவதை இவை கொஞ்சமும் தடுக்காது. படம் போடலாம், அழிக்கலாம், பெயர் மாற்றலாம். வட்டின் சாட்சியத்தை ஏற்க மறுக்கின்றன, அவ்வளவே.

லினக்ஸின் முதல் விடை எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் இருந்தது. எந்த வட்டு எந்த இடத்தில் இணையவேண்டும் என்று நிர்வாகி எழுதிவைக்கிற பட்டியல் அது. அதில் ஒரு வரிக்கு யூசர் என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் சாதாரணப் பயனரும் அந்த வட்டை மவுண்ட் செய்யலாம். அப்படிச் சேர்த்தவுடனேயே நோ-எஸ்யூஐடியும் நோ-டெவ்வும் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு, அந்த வட்டிலிருந்து எந்த நிரலையும் ஓட்டவிடாத நோ-எக்ஸெக்கும் சேர்ந்துகொள்ளும். இதை வகுத்தவர்களுக்கு அந்த மாணவரைத் தெரிந்திருக்கிறது. யூசர் என்று போட்டால் மவுண்ட் செய்தவரே கழற்ற வேண்டும்; யூசர்ஸ் என்று பன்மையில் போட்டால் யாரும் கழற்றலாம். இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தால் ஆய்வகங்களில் நடந்த சண்டைகளைத் தனியாக ஒரு சொற்பொழிவாகவே பேசலாம்.

பிளாப்பிக்கும் சிடிக்கும் இது போதுமாக இருந்தது. அவற்றின் இடம் நிலையானது. பென் டிரைவ் அப்படி இல்லை. இன்று செருகினால் எஸ்டிபி என்று வரும், நாளை எஸ்டிசி என்று வரும். முன்கூட்டிப் பட்டியல் எழுதிவைக்க முடியாத விருந்தாளி அது.

இனி எழுதும் உரிமைக்கு வருகிறேன். மவுண்ட் செய்ய முடிவது ஒரு படி. அதன் பிறகும் எழுத முடியாமல் போகலாம். ஏன் என்பது வட்டு எந்தக் கோப்பு முறைமையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதில் இரண்டு குடும்பங்கள். இரண்டையும் ஒரே மருந்தால் குணப்படுத்தப் பார்ப்பதுதான் நம் ஊர் வைத்தியத்தின் பெரிய கோளாறு.

முதல் குடும்பம் ஃபேட், எக்ஸ்ஃபேட். ஃபேட் 1977இல் மைக்ரோசாஃப்டில் பிறந்தது. ஒரே ஆள் உட்காரும் கணினிக்காக. சொந்தக்காரர் என்கிற எண்ணமே அதில் கிடையாது. படிக்க மட்டும், மறைந்தது என்று சில குறிகள் உண்டு. யாருடையது என்பதற்கு இடம் இல்லை. ஆனால் லினக்ஸுக்கு ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தே தீரவேண்டும். எனவே மவுண்ட் செய்கிற நேரத்தில் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே சொந்தக்காரரை அது கற்பித்துக்கொள்கிறது. நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், மவுண்ட் செய்தவரே சொந்தக்காரர். மற்றவர்களுக்கான அனுமதி, மவுண்ட் செய்தவரின் யூமாஸ்க், அதாவது எந்த அனுமதிகளை விலக்கவேண்டும் என்று சொல்கிற எண், அதன் கணக்குப்படி. வழக்கமான 022 என்றால் மற்றவர்கள் படிக்கலாம், எழுதக் கூடாது.

நம் புதியவரின் குழப்பம் இதில்தான் பிறக்கிறது. அவர் சூடோ போட்டு மவுண்ட் செய்தார். மவுண்ட் செய்தவர் இப்போது ரூட். வட்டு முழுக்க ரூட்டுக்குச் சொந்தம். தன் பெயரில் எழுதப் போனால் மறுப்பு. சரி, சொந்தக்காரரை மாற்றுவோம் என்று சூடோவோடு சிஎச்ஓன் அடிக்கிறார். அப்போதும் மறுப்பு! ரூட்டுக்கே மறுப்பா என்று ஆடிப்போகிறார். கர்னலின் பக்கம் நியாயம் இருக்கிறது. எழுதிவைக்க வட்டில் இடமே இல்லாத ஒன்றை எழுதச் சொன்னால் அது என்ன செய்யும்? ஃபேட்டில் உரிமை வட்டுக்குள் இல்லை, மவுண்ட் செய்யும் அந்தக் கணத்தில் இருக்கிறது. ஆகவே கழற்றிவிட்டு மறுபடி மவுண்ட் செய்யவேண்டும், யூஐடி, ஜிஐடி என்ற ஆப்ஷன்களில் தன் எண்களைக் கொடுத்து. பலர் பங்கிடுகிற கணினி என்றால் அவர்களை ஒரு குழுவாக்கி, குழுவின் எண்ணை ஜிஐடியில் கொடுத்து, கோப்புறைகளுக்கு டிமாஸ்க் 002, கோப்புகளுக்கு எஃப்மாஸ்க் 113 என்று போட்டால் குழுவினர் எல்லோரும் எழுதலாம்; வெளியார் படிக்க மட்டும் செய்யலாம். 777 எங்கேயும் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா?

எக்ஸ்ஃபேட்டுக்கும் இதே விதிதான். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டமுடியாது. பெரிய வீடியோ வைத்திருப்பவர்கள் எக்ஸ்ஃபேட்டுக்குப் போகிறார்கள். வெகுநாள் அது மைக்ரோசாஃப்டின் காப்புரிமைக்குள் இருந்தது. 2019 ஆகஸ்டில் அதன் வரையறையை நிறுவனம் வெளியிட்ட பிறகு, சாம்சங் எழுதிய நல்ல இயக்கி 2020இல் 5.7 கர்னலில் சேர்ந்தது. இன்று பெரிய கோப்புகளோடு பல கணினிகளுக்கு ஓடுகிற வட்டு என்றால் என் பரிந்துரை எக்ஸ்ஃபேட்தான். தூய்மைவாதிகள் மன்னிக்கவேண்டும்.

இரண்டாவது குடும்பம் எக்ஸ்ட்4 போன்ற லினக்ஸின் சொந்தக் கோப்பு முறைமைகள். இங்கே உரிமை வட்டுக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. மவுண்ட் செய்யும்போது யூஐடி ஆப்ஷன் கொடுத்தால் ஏற்காது, பிழை என்று திருப்பிவிடும். ஒரு வட்டைச் சூடோ போட்டு எக்ஸ்ட்4ஆக ஃபார்மட் செய்தால் அதன் தலைக் கோப்புறை ரூட்டுக்குச் சொந்தமாகிறது. அதை உங்கள் பெயருக்கு மாற்ற ஒரே ஒரு சிஎச்ஓன் போதும். வட்டிலேயே பதிந்துவிடும், திரும்பத் திரும்பச் செய்யவேண்டாம். ஆனால் அதை மவுண்ட் செய்த பிறகு செய்யவேண்டும். பலர் மவுண்ட் செய்வதற்கு முன்பே அந்த வெற்றுக் கோப்புறையின் சொந்தக்காரரை மாற்றிவிட்டு, மவுண்ட் செய்த பின் மாற்றம் எங்கே போனது என்று தேடுகிறார்கள். எங்கும் போகவில்லை. வட்டின் தலைக் கோப்புறை மேலே வந்து உட்கார்ந்து அதை மறைத்துவிட்டது. குனோமின் டிஸ்க்ஸ் செயலியில் ஃபார்மட் செய்தால் இந்தத் தொல்லையே இல்லை; செய்தவரின் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிடும்.

பல பேர் எழுதவேண்டிய எக்ஸ்ட்4 வட்டு என்றால் இன்னும் இரண்டு வேலை உண்டு. தலைக் கோப்புறையை ஒரு குழுவுக்குக் கொடுத்து, 2775 என்று அனுமதி போடுங்கள். முன்னால் நிற்கிற அந்த 2, உள்ளே புதிதாக உருவாகிறவை எல்லாம் அதே குழுவுக்குப் போகும்படி பார்த்துக்கொள்ளும். ஆனாலும் பயனரின் யூமாஸ்க் 022 என்றால் அவர் உருவாக்குகிற கோப்பில் குழுவினர் எழுத முடியாது. அதனால் செட்எஃப்ஏசிஎல் கட்டளையால் அந்தக் கோப்புறைக்கு ஒரு இயல்புநிலை அனுமதியையும் எழுதிவைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி மறுப்பு வருகிறதே என்று 777க்குத் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

எக்ஸ்ட்4இல் இன்னொரு விசித்திரம். வட்டில் உங்கள் பெயர் இல்லை. ஒரு எண்தான் இருக்கிறது. உபுண்டுவிலும் டெபியனிலும் முதலில் உருவாகிற பயனருக்கு 1000 என்ற எண். இது தெருப் பெயர் இல்லாமல் கதவு எண்ணை மட்டும் எழுதிய தபால் மாதிரி. என் தெருவில் 1000 நான். உங்கள் தெருவில் நீங்கள். என் வட்டை உங்கள் கணினியில் செருகினால் உங்கள் கணினி என் கோப்புகளை உங்களுடையவை என்று உங்களிடமே கொடுத்துவிடும். மாறாக, ஃபெடோரா 2011 இறுதியில் வந்த 16ஆம் பதிப்புக்கு முன் வரை முதல் பயனருக்கு 500 என்று எண் கொடுத்துவந்தது. அந்தக் காலத்து ஃபெடோராவில் எழுதிய வட்டை உபுண்டுவில் செருகினால், ஒரே ஆளாகவே இருந்தாலும் அவர் அந்நியர். அனுமதி என்று வட்டுக்குள் எழுதியிருப்பது, அதை எழுதிய கணினிக்கு வெளியே வெறும் எண் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதற்கு உருப்படியான தீர்வு வர 2021 வரை ஆயிற்று. கிறிஸ்டியன் பிரவுனர் முன்னின்று செய்த ஐடி-மேப்டு மவுண்ட் என்ற வசதி 5.12 கர்னலில் சேர்ந்தது. வட்டில் உள்ள 500ஐ இந்த மவுண்ட்டில் மட்டும் 1000 ஆகக் காட்டு என்று சொல்லலாம். வட்டில் எதுவும் மாறாது. அதற்கு ஒரு வருடம் முன்பே, வீட்டுக் கோப்புறையை வட்டில் போட்டு எடுத்துச்செல்லும் சிஸ்டம்டி-ஹோம்டி வந்திருந்தது. எண் ஒத்துப்போகாவிட்டால் அது உள்ளே இருக்கிற ஒவ்வொரு கோப்பின் சொந்தக்காரரையும் உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருந்தது. லட்சம் கோப்பு இருந்தால் லட்சம் முறை.

இப்போது வரலாற்றின் முக்கியமான திருப்பம். 2003இல் ரெட் ஹேட்டின் ஹேவக் பென்னிங்டன் ஒரு கட்டுரை எழுதினார். சாதனத்தைச் செருகினால் அது வேலை செய்யவேண்டும், பயனர் கட்டளை அடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது சாரம். அதைப் பிடித்துக்கொண்டு டேவிட் ஜூத்தன் ஹால் என்ற அடுக்கை எழுதினார். அதே காலத்தில் கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய யூடெவ், சாதனம் வந்தது போனது என்ற சேதியை உடனுக்குடன் சொல்ல ஆரம்பித்தது. டெபியன் உலகில் மார்ட்டின் பிட் எழுதிய பிமவுண்ட் என்ற சின்னக் கருவி, எஃப்எஸ்டேப்பில் பெயரே இல்லாத கழற்றி வட்டைக்கூடப் பிளக்டெவ் என்ற குழுவில் இருப்பவர் மவுண்ட் செய்ய வழிவிட்டது. சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் டெபியனை அடியாகக் கொண்டது என்பதால் நம் அரசு அலுவலகக் கணினிகள் சிலவற்றிலும் பிளக்டெவ் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள்.

குழுவில் சேர்ப்பதில் ஒரு குறை உண்டு. குழு என்பது நிரந்தரம். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு எஸ்எஸ்எச் வழியாகச் சென்னைக் கணினிக்குள் நுழைந்தவரும் அந்தக் குழுவில் இருந்தால், சென்னையில் யாரோ செருகிய பென் டிரைவை அவர் மவுண்ட் செய்து படிக்கலாம். இது நியாயமா? வட்டைச் செருகியவர் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தானே? ஆகவே கேள்வியையே மாற்றினார்கள். இவர் எந்தக் குழு என்று கேட்பதை விட்டு, இப்போது இந்தத் திரைக்கும் விசைப்பலகைக்கும் முன்னால் இருப்பவர் யார் என்று கேட்டார்கள். இன்றைய ஏற்பாடு இதுதான். யார் உட்கார்ந்திருக்கிறார் என்று சிஸ்டம்டி-லாகின்டி கணக்கு வைக்கிறது. அனுமதி உண்டா என்று போல்கிட் தீர்ப்புச் சொல்கிறது. யூடிஸ்க்ஸ் ரூட்டாக நின்று மவுண்ட் செய்து கொடுக்கிறது. ஃபேட் என்றால் உங்கள் எண்ணையே யூஐடியாகக் கொடுத்துவிடும். நோ-எஸ்யூஐடி, நோ-டெவ் இரண்டையும் மறக்காமல் போடும். நீங்கள் ஒரு ஐகானைச் சொடுக்குகிறீர்கள், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு யூஎஸ்பி வட்டையும் உள் வன்தட்டையும் வேறுவேறாக நடத்துகிறது என்பதையும் சொல்லவேண்டும். முன்னால் உட்கார்ந்திருப்பவர் யூஎஸ்பி வட்டைக் கேள்வியில்லாமல் மவுண்ட் செய்யலாம். உள்ளே திருகாணி போட்டு மாட்டிய வன்தட்டு என்றால் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கும். எஸ்எஸ்எச் வழியாக வந்தவருக்கு எதுவானாலும் கேட்கும். இதை ஒரு தொல்லை என்று திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு இது மிகச் சரியான பாகுபாடாகத் தெரிகிறது. உண்மையிலேயே தொலைவிலிருந்து மவுண்ட் செய்யவேண்டியவர்கள் இருந்தால், அவர்களுடைய குழுவுக்கு மட்டும் போல்கிட்டில் நாலு வரியில் ஒரு விதி எழுதிவிடலாம். ஒருவர் செருகிய வட்டைக் கணினியின் மற்றப் பயனர்கள் பார்க்க முடிவதில்லையே என்று ஆய்வக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புறையில் மவுண்ட் ஆவதால் அப்படி. யூடெவ் விதியில் அந்த வட்டைப் பொதுவானது என்று குறித்துவிட்டால் பொதுவான மீடியா கோப்புறைக்கு வந்துவிடும்.

இப்போது 2025க்கு வருகிறேன். அந்த ஜூன் மாதம் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு ஓட்டையை வெளியிட்டது. சிவிஇ-2025-6019 என்பது அதன் எண். எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் அளவை மாற்றவேண்டுமானால் அது மவுண்ட் ஆகியிருக்கவேண்டும். அளவு மாற்றச் சொல்லிப் பயனர் கேட்டால், யூடிஸ்க்ஸ் தனக்குக் கீழே இருக்கும் லிப்பிளாக்டெவ் என்ற நூலகத்திடம் சொல்லும். வட்டு மவுண்ட் ஆகாமல் இருந்தால் அந்த நூலகம் தற்காலிகமாக ஓரிடத்தில் மவுண்ட் செய்து, வேலையை முடித்து, கழற்றிவிடும். சில நொடிகள்தான். ஆனால் அந்தச் சில நொடிகளில் நோ-எஸ்யூஐடியும் இல்லை, நோ-டெவ்வும் இல்லை. யாரோ போட மறந்துவிட்டார்கள்.

நம் மாணவர் நினைவிருக்கிறாரா? அதே தந்திரம். செட்யூஐடி பிட் போட்ட, ரூட்டுக்குச் சொந்தமான நிரல் ஒன்றை வைத்து ஒரு எக்ஸ்எஃப்எஸ் வட்டு. உண்மையான பென் டிரைவ்கூட வேண்டாம். வட்டின் நகலாக ஒரு கோப்பு போதும், அதையும் வட்டுபோல இணைத்துத் தர யூடிஸ்க்ஸுக்குத் தெரியும். அளவு மாற்றச் சொல்லிக் கேட்டு, அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டால் ரூட். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தானே இந்தச் சலுகை என்று கேட்கலாம். அதே நாளில் வெளியான சிவிஇ-2025-6018, ஓப்பன்சூஸே லீப் 15இலும் சூஸேயின் நிறுவனப் பதிப்பு 15இலும் எஸ்எஸ்எச் வழியாக வந்தவரும் முன்னால் உட்கார்ந்திருப்பவர்போலக் காட்டிக்கொள்ள வழி இருந்ததைச் சொன்னது. இரண்டையும் சேர்த்தால் எங்கோ இருப்பவர் ரூட் ஆகலாம். எழுதும் அனுமதியில் தவறே இல்லை. அனுமதியோடு சேர்த்து நம்பிக்கையையும் ஒரு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். திருத்தம் என்ன தெரியுமா? விடுபட்ட அந்த இரண்டு ஆப்ஷன்களைச் சேர்த்ததுதான்.

எல்லா மறுப்பும் அனுமதி மறுப்பு அல்ல என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டில் எழுத முடியாமல் போனால், முதலில் விண்டோஸ் அதை ஒழுங்காக மூடியதா என்று பாருங்கள். விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. கணினியை அணைத்தாலும் அது அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் உள்ள வட்டை லினக்ஸ் படிக்க மட்டும் அனுமதிக்கும். எழுதினால் வட்டு கெட்டுவிடும் என்பதால். அங்கே போய் 777 அடிப்பது வீண் வேலை. எஸ்டி கார்டு என்றால் பக்கவாட்டில் உள்ள சின்னப் பூட்டைப் பாருங்கள். பழைய பென் டிரைவ் திடீரென்று படிக்க மட்டும் என்று ஆகிவிட்டால், பெரும்பாலும் அது ஆயுள் முடிகிறது என்ற அறிவிப்பு; உள்ளே இருப்பதை உடனே வேறிடத்தில் நகலெடுங்கள்.

நிர்வாகிகளுக்கு இரண்டே வார்த்தை. யாரையும் டிஸ்க் என்ற குழுவில் சேர்க்காதீர்கள். பெயரைப் பார்த்து ஏமாந்து, பென் டிரைவ் தொல்லை தீரட்டும் என்று சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் குழுவில் இருப்பவர் உள் வன்தட்டிலேயே நேரடியாக எழுதலாம். அவரும் ரூட்டும் ஒன்றுதான். அதேபோல, கோப்பு மேலாளரைச் சூடோ போட்டுத் திறக்கக் கற்றுக்கொடுக்காதீர்கள். ஒரு படத்தை நகலெடுக்க ஒருவருக்குக் கணினி முழுவதையும் கையில் கொடுக்கவேண்டிய அவசியம் இல்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு பென் டிரைவைச் செருகி, ஃபைண்ட்-எம்என்டி என்ற கட்டளையை அடித்துப் பாருங்கள். எந்த வட்டு எந்த ஆப்ஷன்களோடு மவுண்ட் ஆகியிருக்கிறது என்று அது வரிசையாகக் காட்டும். உங்கள் பென் டிரைவின் வரியில் நோ-எஸ்யூஐடியும் நோ-டெவ்வும் இருக்கவேண்டும். எஃப்எஸ்டேப்பில் நீங்களே எழுதிய வரியாக இருந்து அவை விடுபட்டிருந்தால், வேறு எதைத் தொடுவதற்கு முன்பும் அந்த இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.